கபாலி குருக்களின் வலது கன்னம்

கபாலி குருக்களுக்கு அந்த வலி முதன்முதலாக வந்தது தயிர்சாதம் சாப்பிடும்போது. ஐம்பத்து மூன்று வயதுவரை ஜலதோஷத்தைத் தவிர வேறு வியாதி அறியாதவர். வலது மூக்கோரத்தில் தொடங்கிக் காதுவரைக்கும் யாரோ கரண்டுக் கம்பியை வைத்து இழுத்தது போல இருந்தது. இரண்டே விநாடி. கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கல்லா?" என்றாள் மனைவி காமேஸ்வரி. அவள் சமையலில் கல் கிடந்தது என்று முப்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

"கல் இல்லை. என்னமோ சுரீர்னுது."

"பல்லா இருக்கும். கிராம்பு தரட்டுமா?"

பல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பல் டாக்டரும் அதையே சொன்னார். படம் எடுத்துப் பார்த்து, கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். பத்து நாள் கழித்து அதற்குப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். பிடுங்கிய பல்லைக் குருக்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் சொத்தை இல்லை. "உள்ளுக்குள்ள இருக்குங்க, வெளிய தெரியாது" என்றார் டாக்டர். அதற்கப்புறம் வலி, பல்லே இல்லாத இடத்தில் வர ஆரம்பித்தது. மூன்றாவது பல்லைப் பிடுங்கப் பல் டாக்டருக்கே மனசு வரவில்லை. சனிக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து வந்துபோகிற நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நரம்பு டாக்டர் இரண்டு நிமிஷம் கேட்டார். முகத்துக்கு மூன்று கிளையாகப் பிரிந்து வருகிற நரம்பு ஒன்று இருக்கிறது, கோளாறு அதில்தான் என்றார். சாப்பிட்டால், க்ஷவரம் பண்ணினால், காற்று பட்டால், பேசினால்கூட வரும் என்று அவரே வரிசையாகச் சொன்னபோது குருக்களுக்கு ஜாதகம் கேட்பது போல இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான், இந்த நரம்பையும் அடக்கும் என்று விளக்கிச் சொன்னார்.

அந்த விளக்கம் மருந்துக்கடை மணிவேலுக்குக் கிடைக்கவில்லை. சீட்டைப் படித்துவிட்டு, "யாருக்கு சாமி வலிப்பு?" என்று கேட்டார். "வலிப்பு இல்லப்பா, வலி" என்றார் குருக்கள். கடையில் நின்றிருந்த நாலு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் காய்கறிக் கடை வாசலில் வலி வந்து குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது, கடைக்காரர் ஓடிவந்து அவர் உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தை அழுத்தி வைத்தார். இரண்டு விநாடியில் வலி போய்விட்டது. "பாத்தீங்களா" என்றார் கடைக்காரர், சுற்றி நின்றவர்களிடம்.

மாத்திரை ஒரு வாரத்தில் பிடித்து, நாலு மாசம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு வலி அதைத் தாண்டி வந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். வலி அதையும் தாண்டியது. சித்திரை வெயிலில் குருக்கள் காதையும் கன்னத்தையும் மூடி மப்ளர் கட்டிக்கொண்டு மாட வீதியில் நடந்தார். பொன்னுக்குவீங்கி என்று நினைத்துத் தெருவில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோயில்தான் கஷ்டமாக இருந்தது. அம்மன் சந்நிதியில் அவருக்கு முறை வருகிற நாட்களில் அஷ்டோத்திரம் சொல்லவேண்டும். அம்பாளின் நூற்றெட்டுப் பெயர்களில் ஒவ்வொன்றும் 'நமஹ' என்று முடியும். 'ம' என்று சொல்ல உதடு இரண்டும் ஒட்டவேண்டும். உதடு ஒட்டினால் கன்னத்தில் மின்னல் அடிக்கும். முப்பத்தைந்து வருஷமாக வாயிலிருந்து தானாக விழுந்துகொண்டிருந்த வணக்கம், நூற்றெட்டு இடத்தில் கண்ணி வைத்த மாதிரி ஆகிவிட்டது. சில நாள் எட்டாவது பெயரில் அடிக்கும். சில நாள் எழுபது வரை விட்டுவைத்து அப்புறம் அடிக்கும். அடித்தால் அப்படியே நின்றுவிடுவார். உதிர்க்க எடுத்த பூ விரலிலேயே இருக்கும். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டும். அது நின்றதும் அடுத்த பெயர்.

மாத்திரையைக் கூட்டிய நாட்களில் வேறு தொல்லை. வலி கம்மி, மூளையில் மூட்டம். நாற்பத்தொன்றாவது பெயரிலிருந்து அறுபத்தேழாவதுக்குப் போய்விடுவார். நடுவில் இருபத்தைந்து பெயர் காணாமல் போனது அவருக்கே வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைக்கும். வரிசையில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை. வரிசை நன்றாக நகர்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

போளூரிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற ரேணுகாம்பாள் என்ற அம்மாள்தான் முதலில் அந்தக் கண்ணீரைக் கவனித்தவர். பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் வரன் அமையாத வருத்தத்தில் இருந்தவர். அர்ச்சனைக்குப் பெண்ணின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். குருக்கள் 'நமஹ' என்றார், நின்றார், கண்ணில் நீர் வழிந்தது. தன் பெண்ணுக்காக ஒருவர் இப்படி அழுவதை ரேணுகாம்பாள் அதுவரை பார்த்ததில்லை. பெண்ணின் அப்பாகூட அழுதவர் இல்லை. அடுத்த மாசம் ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்து, பத்தே நாளில் நிச்சயமாகிவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ரேணுகாம்பாள் தன் ஊரில் சொன்னார், சம்பந்தி ஊரில் சொன்னார். குருக்கள் கோயில் வாசலில் கண்ணீரோடு நிற்பதை யாரோ கைப்பேசியில் பிடித்து, பின்னணியில் வீணை வாசிப்பையும் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். 'அழுகிற சாமிக்கு இன்னிக்கு முறை உண்டா?' என்று கோபுர வாசலில் பூக்கடைக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முப்பத்தைந்து வருஷமாகக் கபாலி குருக்கள் பத்தோடு பதினொன்றாக இருந்தவர். குரல் சுமார். ஆளும் ஒல்லி. தீபாராதனை காட்டும்போது கூட்டம் அவரைத் தாண்டி அம்மனைப் பார்க்கும், அதுதான் முறையும்கூட. இப்போது முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அழுத நாளில் பரவசமாகப் போனார்கள். அழாத நாளில், "இன்னிக்கு நமக்குக் குடுத்துவைக்கல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வலி வரவே இல்லை. நூறு பெயர் தாண்டியாகிவிட்டது. எதிரே செங்கத்திலிருந்து வேன் வைத்து வந்த கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நூற்றிரண்டாவது பெயரில் குருக்கள் சற்றே நின்று, கண்ணைக் கொஞ்சம் அழுத்தி மூடினார். அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. "வலியா?" என்று காமேஸ்வரி கேட்டாள். "இல்லை" என்றார். அது நிஜம்தான் என்பது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கண்ணீரை வலி என்று கண்டுபிடித்தது ஒரே ஒருவர். நெதர்லாந்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருக்கிற அம்மாள். அறுபது வயது. அபீதகுஜாம்பாள் என்று அம்மனின் பெயரையே வைத்துக்கொண்டவர். இந்த ஊரில் பிறந்த பெண்களுக்கே இப்போது யாரும் வைக்காத பெயர். பால்காரரிலிருந்து ஆட்டோக்காரர்வரை எல்லாரும் அபி அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பாஷையும் அவர்களிடமே கற்றதுதான்.

அர்ச்சனை முடிந்து எல்லாரும் போன பிறகு அபி அம்மா தயங்கி நின்றார். தன் வலது கன்னத்தில் விரலை வைத்து, "சாமி, இங்கதானே?" என்றார்.

குருக்களுக்குப் புரியவில்லை.

"ஷாக் அடிக்குது இல்ல? எனக்கும் இருந்துச்சுங்க. ஏழு வருஷம். நீங்க நிக்கறத பாத்தாலே தெரியுது. பக்தில யாரும் இப்படி நிக்க மாட்டாங்க."

சுற்றியிருந்த தூண்களில் ஒன்றைக் குருக்கள் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்கவில்லை. இப்போது வந்த கண்ணீருக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை. நல்லவேளையாக யாரும் படம் பிடிக்கவில்லை.

அபி அம்மா ஊரிலிருந்தபோதே சிகிச்சை செய்துகொண்டவர். கன்னத்தின் வழியாக ஊசியை விட்டு, நரம்பு கிளம்புகிற இடத்தில் ஒரு சின்ன பலூனை ஊதி, நரம்பை நசுக்கிவிடுவார்களாம். வலி அன்றைக்கே போய்விட்டது. கூடவே கன்னத்தின் உணர்ச்சியும் போய்விட்டது. "காபி குடிச்சா ஒழுகறது தெரியாது. கன்னத்த கடிச்சிக்கறேன், ரத்தம் வந்தாதான் தெரியும். பரவாயில்லங்க. வலிக்கு இது மேல்" என்றார். சென்னையில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், ஆட்டோ எழிலரசுவின் சின்னம்மா பெண்தான் அங்கே நர்ஸ் என்று முகவரியும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஓசூரில் வேலை பார்க்கிற மகன் பிரதோஷ் விடுப்பு போட்டு வந்து, அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பெயர் ஆர்த்தி. நாற்பது வயது சொல்லலாம். பெரிய பெரிய படமாக எடுக்கச் சொல்லி, அதைக் கணினியில் போட்டுக் காட்டினார்.

"இது நரம்பு. இது ரத்தக்குழாய். வளைஞ்சு நரம்பு மேல சாஞ்சிருக்கு பாருங்க. நெஞ்சு துடிக்கும்போதெல்லாம் இது நரம்பைத் தட்டுது. தட்டித் தட்டி, வயர் மேல இருக்கற ரப்பர் தேஞ்சா மாதிரி ஆயிடுச்சு. அதான் ஷாக்கு."

குருக்கள் தன் தலைக்குள் இருப்பதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு கொடி சுற்றிய தூண் மாதிரி தெரிந்தது.

டாக்டர் நாலு வழி சொன்னார். மாத்திரையையே வேறு மாற்றிக் கூட்டியோ குறைத்தோ ஓட்டலாம். மூட்டம் இருக்கும், மாசா மாசம் ரத்தத்தில் உப்பு பார்க்கவேண்டும். இரண்டாவது, அபி அம்மா செய்துகொண்ட பலூன். அரை மணி வேலை, ஆனால் மரத்துப்போகும், சில வருஷத்தில் வலி திரும்பவும் வரலாம். மூன்றாவது, கத்தியே படாமல் கதிர்வீச்சு. பலன் தெரிய மாசக்கணக்கில் ஆகும், எல்லாருக்கும் கேட்காது. நாலாவது, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு ரூபாய்க் காசளவு திறந்து, குழாயை நரம்பிலிருந்து தள்ளி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து மூடுவது. தோசைக்கல் மேல் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே சரக்கில் செய்த பஞ்சு. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு வலி போய்விடும். ஆனால் மண்டையைத் திறக்கிற காரியம். காது கேட்காமல் போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்தும் அபூர்வமாக உண்டு. டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். காமேஸ்வரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க எது சொல்றேளோ அது" என்றார் குருக்கள்.

"நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. நாலுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. எதைத் தாங்கிக்க முடியும்னு உங்களுக்குத்தான் தெரியும். வீட்ல பேசுங்க, நிதானமா முடிவு பண்ணுங்க."

கார் செங்கல்பட்டைத் தாண்டியது. பிறகு காமேஸ்வரி, "இவ்வளவு படிச்சுட்டு நம்மளைக் கேக்கறாளே" என்றாள். குருக்களுக்கும் அதுதான் தாளவில்லை. தன்னிடம் வருகிறவர்கள், மாடு வாங்கலாமா, வீட்டை இடிக்கலாமா, துபாய் போகலாமா என்று கேட்கும்போது, 'உங்களுக்குத்தான் தெரியும்' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டில் பேசினார்கள். பேசப் பேச ஒவ்வொருவரும் அவரவருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரதோஷ் கம்ப்யூட்டர்க்காரன், ஆகவே கதிர்வீச்சு என்றான். ஓசூரிலிருந்து தினமும் ஏதாவது கட்டுரை அனுப்பினான். காமேஸ்வரி மாத்திரை என்றாள். தெரிந்த பிசாசே மேல். அபி அம்மா வீட்டுக்கே வந்து பலூன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, காமேஸ்வரி கொடுத்த காபியில் பாதியைத் தாடையில் வழியவிட்டார். அதைப் பார்த்த குருக்களுக்குப் பலூன் ஆசை போயிற்று. மரத்துப்போன உதட்டில் மந்திரம் என்னவாக வரும்?

மீதி இருந்தது மண்டை. அதில் அவருக்கு ஒரு சந்தேகம். பெரியப்பா பிள்ளை பஞ்சாபகேச குருக்களிடம் போனார். சாஸ்திரத்தில் கரைகண்டவர், வாயைத் திறந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

"அண்ணா, தலைக்குள்ள பஞ்சை வச்சுண்டு கர்ப்பகிரகத்துக்குள்ள போலாமோ?"

பஞ்சாபகேச குருக்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். "எத்தனையோ பேர் அப்படித்தானேடா போயிண்டிருக்கா" என்றார்.

அதற்கு மேல் சாஸ்திரம் கேட்க குருக்களுக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்தது. அம்மனுக்கு விசேஷ மாசம், கூட்டம் இரண்டு மடங்கு. வலியும் இரண்டு மடங்கு. நிஜமான கண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நூறாவது பெயரை நெருங்கும்போது, 'இன்னும் வரலையே' என்று ஒரு நினைப்பு உள்ளே எழுவதை அவர் கவனித்தார். வலி வந்துவிடுமோ என்று பயந்த காலம் போய், வராமல் போய்விடுமோ என்று பயப்படுகிற இடத்துக்கு வந்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"பூ போட்டுப் பாத்துடலாம்" என்றாள் காமேஸ்வரி ஒரு நாள் காலையில்.

பூ போட்டுப் பார்ப்பது குருக்களுக்குத் தினப்படி வேலை. முடிவு எடுக்கத் தெரியாதவர்கள் வந்து கேட்டால், வெவ்வேறு பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார். காமேஸ்வரி நாலு பொட்டலம் மடித்தாள். சாமந்தி கதிர்வீச்சு, மல்லி பலூன், சிவப்பு ரோஜா மண்டை, வில்வம் மாத்திரை. பூஜை அலமாரி முன்னால் போட்டுக் குலுக்கினாள். குருக்கள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வில்வம்.

இதற்கு மேல் உத்தரவு வேறு வேண்டாம். அண்ணாமலையாருக்கு உகந்த இலை, அதுவும் மனைவி கேட்டதே வந்திருக்கிறது. "சரி, மாத்திரையே இருக்கட்டும்" என்றார் குருக்கள்.

காமேஸ்வரி பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் எடுங்கோ" என்றாள்.

"ஏன்? அதான் வந்துடுத்தே."

"நீங்க கோயில்ல பண்றது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா? பொட்டலத்தைப் பிரிச்சதும் அவா மூஞ்சியைத்தானே பாப்பேள். மூஞ்சி வாடித்துன்னா, 'சகுனம் சரியில்லை, மறுபடி எடுங்கோ'ம்பேள். அவா மனசுல இருக்கறது வர்ற வரைக்கும் எடுக்க வைப்பேள்."

குருக்கள் திகைத்துப்போனார். முப்பத்தைந்து வருஷத்துத் தொழில் ரகசியம். அவர் அப்பா அவருக்குச் சொன்னதுகூட இல்லை, அவராகக் கண்டுபிடித்தது.

"உங்க மூஞ்சி வாடிப்போச்சு" என்றாள் காமேஸ்வரி. "எனக்கு வில்வம்தான் வேணும். உங்களுக்கு வேண்டாம்."

இரண்டாவது தரம் அவர் எடுக்கவில்லை. அவளே மீதி மூன்று பொட்டலத்தையும் பிரித்து, ரோஜாவை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பிரதோஷுக்குப் போன் பண்ணப் போனாள்.

ஆபரேஷன் ஆவணியில் நடந்தது. முந்தின நாள் டாக்டர் ஆர்த்தி அறைக்கு வந்து எல்லாவற்றையும் இன்னொரு தரம் விளக்கினார். குடுமியை எடுக்கவேண்டாம், காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் மழித்தால் போதும் என்றார். பிறகு கதவுவரை போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், "ஐயா, நாளைக்கு நல்லபடியா முடியணும்னு அம்மனை வேண்டிக்கோங்க" என்றார்.

"நீங்க நன்னா தூங்கிட்டு வாங்கோ. எனக்கு அது போதும்" என்றார் குருக்கள்.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. மயக்கம் தெளிந்ததும் தலை இடி இடியென்று வலித்தது. வாந்தி வந்தது. எல்லாம் அடங்கி, மறுநாள் சாயங்காலம் நர்ஸ் வெளியே போனதும், குருக்கள் படுத்தபடியே மெல்ல உதட்டைச் சேர்த்து 'நமஹ' என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் சொன்னார். பிறகு முதல் பெயரிலிருந்து ஆரம்பித்து நூற்றெட்டையும் சொல்லி முடித்தார். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காமேஸ்வரி கடைசிவரை அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதுதான் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. பேசுகிறவர்கள் இடது பக்கம் வரவேண்டியிருந்தது.

இரண்டு மாசம் ஓய்வுக்குப் பிறகு ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போனார். செய்தி முன்னாலேயே பரவி, வரிசை நீண்டு நின்றது. குருக்கள் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு 'நமஹ'வையும் உதடு ஒட்டி விரிய, ஆசைதீரச் சொன்னார். இப்படி அவர் சொல்லிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதாவது பெயர்வரை கூட்டம் பொறுத்துக்கொண்டது. பிறகு யாரோ, "இன்னாப்பா, இன்னிக்கு இவ்ளோ லேட்டு" என்றார்கள். கண்ணீர் வரவில்லை. கன்னம் வறண்டுதான் கிடந்தது. முடிந்ததும் ஆட்கள் குங்குமத்தை வாங்கிக்கொண்டு, வேறெதையோ தேடுகிறவர்களைப் போல ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்கள்.

ரேணுகாம்பாள் போகவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, இப்போது குழந்தை வரத்துக்காக வந்திருந்தார்.

"சாமி, எங்க மேல எதனா கோவமா?" என்றார்.

"கோபம் எதுக்கும்மா?"

"முன்ன மாதிரி எங்களுக்காக உருகலியே."

குருக்கள் அவரைத் தூண் பக்கமாக, இடது பக்கம் வரச்சொல்லி நிறுத்தினார். இதைச் சொல்லிவிடுவது என்று ஆஸ்பத்திரியிலேயே தீர்மானித்திருந்தார்.

"அம்மா, அது உருகல் இல்லை. நரம்பு வலி. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் நரம்பை இடிச்சுண்டிருந்தது. வலி தாங்காம கண்ணுல ஜலம் வந்தது. இப்ப ஆபரேஷன் பண்ணி சரியாயிடுத்து. இதோ பாருங்கோ, தழும்பு." தலையைத் திருப்பிக் காதுக்குப் பின்னால் காட்டினார். "ஒரு நாள், வலியே இல்லாம, வலிச்ச மாதிரியும் நின்னேன். அது தப்பு. அம்பாள்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடறேன்."

ரேணுகாம்பாள் தழும்பையே பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் வரும் என்று குருக்கள் காத்திருந்தார்.

"மண்டையத் தொறந்தாங்களா?"

"ஆமாம்."

"அப்ப எம் பொண்ணு கல்யாணம்?"

"அது நடக்கவேண்டிய நேரம், நடந்ததும்மா. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

ரேணுகாம்பாள் தழும்பை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது. "எங்களோடது எல்லாத்தையும் நீங்க வாங்கி உங்க தலைல வச்சிக்கினு இருந்திருக்கீங்க. மண்டையத் தொறந்து எடுக்கற அளவுக்கு ஜாஸ்தியாயிடுச்சு. எங்களுக்குத் தெரியலியே சாமி."

"அப்படி இல்லம்மா, அது ரத்தக்குழாய்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்று சொல்லி, அவர் தடுக்குமுன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, இனிமேல் குழந்தை விஷயத்தைக் கேட்டு அவருக்குத் தொல்லை தருவதில்லை என்றும், நேரே அம்மனிடமே சொல்லிக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குருக்களுக்கு அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசை கோபுர வாசல்வரை வந்துவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை. பெயர், நட்சத்திரம் சொல்லக்கூடத் தயங்கினார்கள். ஒரு கிழவர் தன் முட்டிவலியைச் சொல்ல வாயெடுத்தபோது, பின்னாலிருந்தவர் அவர் தோளைத் தொட்டு, "வேணாம் தாத்தா, அவுரு பட்டது போதும்" என்றார். குருக்களுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

காமேஸ்வரிக்கு இன்னும் பெரிதாகவே ஒன்று காதில் விழுந்தது. பூ வாங்கக் கோபுர வாசலுக்குப் போனவள் அரை மணி கழித்து ஒரு மாதிரியான முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். மத்தியானம் இலை போட்டுப் பரிமாறும்போது குருக்களின் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டேளா? உங்க மண்டையைத் தொறந்தப்போ உள்ளேந்து விபூதி வாசனை வந்துதாம்."

குருக்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அந்த டாக்டர் பொண்ணு கத்தியைக் கீழே வச்சுட்டு அங்கேயே கன்னத்துல போட்டுண்டாளாம். பூக்காரி சொல்றா. அவ மச்சான் கூடவே இருந்து பாத்தானாம்."

"எங்கேருந்து பாத்தானாம்?"

"அதைக் கேட்டேன். 'உள்ள இருந்துதாம்மா'ன்னா."

குருக்களுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, வாய் அகலத் திறந்து, பிடுங்கிய பல்லின் இடைவெளி தெரியச் சத்தமாகச் சிரித்தார். காமேஸ்வரி பழக்கதோஷத்தில் பதறிப்போய் அவர் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு ரசத்தை எடுத்துவர எழுந்து போனாள்.